ஜான்ஸ்கார்: திரும்புகிற கணக்கு

வருகிற ஜனவரியில் ஜான்ஸ்கார் போவது என்று முடிவாகிவிட்டது. கேள்விப்படாதவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லடாக்கில் லே நகரத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் நிம்மு என்று ஓர் ஊர். சிந்து நதியோடு ஜான்ஸ்கார் ஆறு வந்து கலப்பது அங்கேதான். கோடையில் இரண்டு ஆறும் இரண்டு நிறத்தில் வந்து சேரும். படம் எடுக்காமல் யாரும் அந்த இடத்தைத் தாண்ட மாட்டார்கள். ஜான்ஸ்காரைப் பிடித்துக்கொண்டு மேலே போகப் போக, மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிடும். பல இடங்களில் கரை என்று ஒன்றே கிடையாது, பாறை நேராகத் தண்ணீரில் இறங்கும். தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான மீட்டருக்குச் சுவர். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரைக்கும் அந்த ஆற்றின் மேல்பரப்பு உறைந்து ஒரு தரை உண்டாகும். அந்தத் தரையில் நடந்து, ராத்திரி கூடாரத்தில் படுத்து, நேராக் என்கிற கிராமம்வரை போய்த் திரும்புவதுதான் சாதர் நடை.

போகிறவர்கள் நாலு பேர். நான், என் மச்சான், கேளம்பாக்கத்தில் நர்ஸாக இருக்கும் தோழி, அவள் வீட்டுக்காரர். நாலு பேரும் கடலோரத்து ஆட்கள். திருப்போரூரில் மார்கழி விடியலில் ஒரு ஸ்வெட்டர் போட்டால் அதுதான் எங்களுக்குத் தெரிந்த குளிர்.

"பக்கத்துல நாகலாபுரம் இருக்கே, அதை விட்டுட்டு அவ்வளவு தூரம் எதுக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆந்திர எல்லையில் இருக்கும் நாகலாபுரத்து ஓடைகளும் குளங்களும் சென்னைக்காரர்களுக்கு மலைநடை கற்றுக்கொடுத்த இடம், மறுக்கவில்லை. ஆனால் நாள்கணக்கில் உள்ளேயே இருந்து நடக்கிற இடுக்கு அது இல்லை. நம் மாநிலத்திலேயே ஆழமானதைத் தேடினால் மாயாறு இருக்கிறது. முதுமலைப் பக்கம் பீடபூமியைப் பிளந்துகொண்டு ஓடுகிற அந்தப் பள்ளம் புலிக்கும் யானைக்கும் சொந்தம். பாறு கழுகுகள் கூடு கட்டுகிற, இந்தியாவில் மிஞ்சியிருக்கிற சில இடங்களில் ஒன்று. அங்கே நடக்க யாருக்கும் அனுமதி இல்லை. இல்லாமல் இருப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

விஷயம் வெளியே தெரிந்ததும் எல்லோரும் கேட்டது, "எவ்வளவு உயரம் ஏறணும்?" ஏற்றமே கிடையாது என்றால் நம்ப மறுக்கிறார்கள். விமானம் இறங்குகிற லே சுமார் 3,500 மீட்டர் உயரம். நாங்கள் நடக்கப்போகிற ஆற்றுப்படுகை அதைவிடத் தாழ்வு, 3,100க்கும் 3,400க்கும் நடுவில் எங்கேயோ. அப்புறம் என்ன கஷ்டம்?

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பருவதமலையோ வெள்ளியங்கிரியோ ஏறினவர்களுக்குத் தெரியும், பாதி வழியில் முடியவில்லை என்றால் இறங்கிவிடலாம். இறங்க இறங்க மூச்சு சீராகும், குளிர் குறையும், கடை வரும், ஊர் வரும். மலையிடுக்கில் அந்தச் சௌகரியம் கிடையாது. முன்னால் போகலாம், பின்னால் வரலாம், பக்கவாட்டில் சுவர். உள்ளே எவ்வளவு தூரம் போனோமோ அவ்வளவு தூரமும் வெளியே நடந்து வந்தாக வேண்டும். அதுவும் களைத்த காலோடு, குறைந்துபோன சாப்பாட்டோடு, நேற்று நடந்த தரை இன்றைக்கு இருக்குமா என்று தெரியாமல். அமெரிக்காவில் 1.6 கிலோமீட்டர் ஆழமுள்ள கிராண்ட் கேன்யனில் பனிக்குப் பதில் வெயில். விடியற்காலைக் குளுமையில் உற்சாகமாக இறங்கிவிடுவார்கள். ஏறி வருகிற நேரத்தில் வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அங்கேயும் ஆளை வதைப்பது திரும்புகிற வழிதான். அதனால் எங்கள் திட்டம் முழுவதையும் திரும்புவதிலிருந்து தொடங்கினோம்.

திட்டம் என்றால் ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு நாளுக்கும் விரித்தால் இரண்டு பக்கம். இடது பக்கத்தில் போவது: எங்கே கிளம்பி எங்கே முகாம், எத்தனை மணி நேரம், யார் என்ன சுமக்கிறார்கள். வலது பக்கத்தில் திரும்புவது. இந்த இடத்தில் ஒருவருக்குக் கால் பிசகினால் எந்தப் பக்கம் போவது கிட்டம்? பனி உடைந்திருந்தால் பாறைமேல் ஏறிச் சுற்றிப்போக வழி உண்டா? எந்த ஓடை வந்து சேர்கிறது, அதன் வழியே ஏறினால் ஊர் உண்டா, வெறும் மலையா? காற்றுக்கு ஒதுங்கக் குகை எங்கே? வண்டி வந்து நிற்கக்கூடிய கடைசி இடத்துக்கு எவ்வளவு நேரம்? வலது பக்கம் நிரம்பாத நாளுக்கு இடது பக்கத்தை எழுதுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு சட்டம்.

இதை எழுத ஆரம்பித்த பிறகுதான் இடுக்கின் அமைப்பே மனசில் பதிந்தது. படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே சுவர். எழுதினால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு குணம். திப் என்கிற முகாமில் குகை இருக்கிறது. சுமை தூக்கி வருகிற ஜான்ஸ்கார் ஆட்கள் ராத்திரி அதில்தான் ஒடுங்குவார்கள். நேராக்கில் உறைந்துபோன அருவி ஆற்றோரமே நிற்கும், ஆனால் ஊர் ஆற்றோரம் இல்லை. மூச்சு வாங்க மேலே ஏறினால்தான் வீடுகள். அப்படியானால் நேராக்கில் ஒருவருக்கு முடியாமல் போனால் அவரை ஊருக்குள் கொண்டுபோவது சுலபமில்லை. வலது பக்கத்தில் அதைச் சிவப்பில் எழுதியிருக்கிறோம்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தில் அதுதான் எல்லாம். ஆறு ஒரே சீராக உறைவதில்லை. ஆழமாக, நிதானமாக ஓடுகிற இடத்தில் முதலில் ஓரங்களில் பனி பிடித்து நடுவை நோக்கி வளரும். குறுகி வேகமாகப் பாய்கிற இடத்தில் நடு ஆறு திறந்தே கிடக்கும். ஓரத்தில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குத் திண்ணை மாதிரி பனி ஒட்டிக்கொண்டிருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. கீழே எங்காவது பனிக்கட்டிகள் சேர்ந்து அடைத்துக்கொண்டால், தண்ணீர் எதிர்த்து ஏறி, ஏற்கெனவே உறைந்த தரைக்கு மேலே கணுக்கால் அளவுக்கோ முழங்கால் அளவுக்கோ ஓடும். அதனால்தான் அங்கே விலையுயர்ந்த மலைநடை ஷூவைவிட ரப்பர் பூட்ஸ் பெரிது. உள்ளூர்க்காரர்கள் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. மேகம் இல்லாத ராத்திரி என்றால் குளிர் கொல்லும், மைனஸ் 25 டிகிரிக்குக்கூடப் போகும். ஆனால் தரை கெட்டிப்படும். மேகம் போர்த்திய ராத்திரி நமக்கு இதமாக இருக்கும், தரை இளகிப்போகும். நிலத்தின் சூட்டை மேகம் மேலே போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் காரணம். அதாவது, சுகமாகத் தூங்கி எழுந்த காலையில்தான் அதிகம் பயப்பட வேண்டும். முன்னால் போகிற வழிகாட்டி கையில் ஒரு தடி வைத்துப் பனியைத் தட்டிக்கொண்டே போவார். எழும் சத்தத்தில் தடிமன் தெரிந்துவிடும். அவர் கால் வைத்த இடத்தில்தான் அடுத்தவர் கால். இதை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட முடியாது. வருஷக்கணக்கில் அந்த ஆற்றில் நடந்த காதுதான் வேண்டும்.

மேலே எங்கோ நடப்பது இடுக்குக்குள் வந்து சேரும் என்பதற்கு ஜான்ஸ்காரிலேயே சான்று உண்டு. 2014 டிசம்பர் கடைசியில் அதன் கிளையான புக்தல் ஆற்றில் மலை சரிந்து விழுந்து, ஆற்றையே அடைத்து ஓர் ஏரி உண்டாகிவிட்டது. குளிர்காலம் முழுக்க அது நிரம்பிக்கொண்டே இருந்து, 2015 மே 7 அன்று உடைந்தது. வெள்ளம் வழியிலிருந்த பாலங்களை அடித்துக்கொண்டு போனது. 2020 ஜனவரியில் சாதர் நடை போன நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், நடந்து போன பனி உடைந்து தண்ணீர் ஏறியதால் நேராக் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்துதான் தூக்கியது. அவர்களில் பழக்கப்பட்ட நடைக்காரர்களும் இருந்திருப்பார்கள். திறமைக் குறைவு என்று யாரையும் சொல்ல மாட்டேன். ஆறு வழியை எடுத்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் கோவளத்தில் மீன் வாங்கும்போது, எனக்குப் பழக்கமான ஒரு படகுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க தலைவன் யாரு தம்பி?" என்றார்.

"தலைவன்னு யாரும் இல்லண்ணே. நாலு பேரும் சேர்ந்து பேசி முடிவு பண்ணிப்போம்."

"தப்பு. கடலுக்குப் போறப்ப நாலு பேரும் பேசலாம். காத்து மாறுச்சுன்னா பேச்சே கிடையாது. ஒருத்தன் 'திருப்பு'ன்னா திருப்பணும். வலை உள்ள கெடந்தாலும் சரி, அறுத்து விட்டுட்டுத் திருப்பணும். அது யாருன்னு கரையிலயே சொல்லிட்டுப் போங்க."

அன்று ராத்திரியே நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். ஆற்றைப் பற்றிய விஷயத்தில் வழிகாட்டி 'திரும்பு' என்றால் திரும்ப வேண்டும். ஏன் என்று முகாமுக்கு வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். உடம்பு விஷயத்தில் தோழி சொல்வதே முடிவு. எனக்கும் மச்சானுக்கும் போகச் சொல்லும் அதிகாரம் கிடையாது, நிற்கச் சொல்லும் அதிகாரம் மட்டும் உண்டு. நாலு பேரில் யார் ஒருவர் 'போதும்' என்றாலும் எல்லோருக்கும் போதும். மச்சானுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். "காசு கட்டி அவ்வளவு தூரம் போயிட்டு, ஒருத்தருக்குப் பயம் வந்துச்சுன்னா நாலு பேரும் திரும்பணுமா மாமா?" என்றான். ஆமாம் என்றேன். அந்த ஒருத்தரைத் தனியாகத் திருப்பி அனுப்ப அங்கே வழி இல்லையே. ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் சரி என்றான், முழுமனசாகத்தான்.

அடுத்தது உயரம். ஏற்றம் இல்லை என்றேனே தவிர, உயரம் இல்லை என்று சொல்லவில்லை. குளிர்காலத்தில் மணாலி வழியும் ஸ்ரீநகர் வழியும் பனியில் மூடிக்கொள்ளும். டெல்லியிலிருந்து விமானம்தான். கடல் மட்டத்தில் வளர்ந்த உடம்பை ஒரே காலையில் 3,500 மீட்டரில் கொண்டுபோய் இறக்கினால், ஒவ்வொரு மூச்சிலும் இங்கே கிடைக்கிற ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். வேலூர்ப் பக்கம் இருக்கும் என் பெரியப்பா ராணுவத்தில் லடாக்கில் வேலை பார்த்தவர். போனில் பேசினேன்.

"லேயில எத்தனை நாள் உக்காரப் போறீங்க?"

"மூணு ராத்திரி பெரியப்பா. அதுக்கப்புறம்தான் மெடிக்கல் செக்கப்புக்கே விடுவாங்களாம்."

"எங்களுக்கு ஆறு நாள்டா. ஒம்பதாயிரம் அடியில இருந்து பன்னெண்டாயிரம் அடிக்கு ஆறு நாள். மொத ரெண்டு நாள் பாரக்கைவிட்டு நகர விட மாட்டாங்க. அடுத்த ரெண்டு நாள் சமதரையில மெதுவா நடை. கடைசி ரெண்டு நாள்தான் சின்னதா ஏத்தம். இருபது வயசுப் பசங்களுக்கே அது. உனக்கு என்ன வயசு?"

எங்கள் திட்டத்தில் லேயில் தங்குவது ஆறு நாளாக மாறியது அந்தப் போனுக்குப் பிறகுதான். விடுப்பு கூடும், செலவு கூடும். பயணத்தில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைப்பதாக இல்லை. உயர மயக்கம் தலைவலியோடு நின்றால் பரவாயில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் மணிக்கணக்கில் உயிர் போகிற காரியம். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமல் விடாமல் வருகிறதா, நடை தள்ளாடுகிறதா, பேச்சு குழறுகிறதா? இந்த நாலையும் தோழி காலையும் மாலையும் ஒவ்வொருவரிடமும் பார்ப்பாள். மற்ற இடங்களில் இதற்கு உடனடி வைத்தியம் உயரத்தைவிட்டு இறங்குவது. ஜான்ஸ்காரில் இறங்கப் பள்ளம் இல்லை, ஆற்றோடு நடந்து வெளியே வர வேண்டும். அதனால் சந்தேகம் வந்தால் லேயிலேயே நின்றுவிடுவது. அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி நாலு பேரும் மருத்துவரைப் பார்த்துப் பேசியாயிற்று. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொடுவதற்கு முன்னால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற மாத்திரை இல்லை அது.

இங்கே உட்கார்ந்துகொண்டு உடம்பைத் தயார் செய்வது எப்படி? கால்களுக்குக் குறையில்லை. மானாம்பதி வழியாகத் திருக்கழுக்குன்றம் போய்விடுவோம். வேதகிரீஸ்வரர் மலைக்கு ஐந்நூற்றுக்கு மேல் படிகள். முதுகுப்பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு, சாமி கும்பிட வருகிறவர்களுக்கு வழிவிட்டு, ஏறி இறங்கி ஏறுவது. பாட்டிகள் நின்று, "மூட்டையில என்னப்பா, பிரார்த்தனையா?" என்று கேட்பார்கள். ஒருவகையில் ஆமாம் என்றுதான் சொல்லத் தோன்றும். மேலே நின்று பார்த்தால் சங்கு தீர்த்தமும் ஊரும் தெரியும். தினமும் மதியம் பாறு கழுகு வந்து பிரசாதம் உண்ட பாறை தெரியும். தொண்ணூறுகளுக்குப் பிறகு அந்தக் கழுகுகள் வருவதில்லை. மாயாற்றில் மனிதர் நடக்க வேண்டாம் என்று முன்னால் சொன்னது, இந்தப் பாறையைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு உறுதிப்படுகிறது.

கணுக்காலுக்குக் கடற்கரை மணல். கோவளத்திலிருந்து திருவிடந்தை, நெம்மேலி, பட்டிப்புலம், சாளுவன்குப்பம் என்று மாமல்லபுரம் நோக்கி மணலிலேயே நடப்பது. ஈர மணலில் நடந்தால் பயிற்சி இல்லை, அலை தொடாத உலர்மணலில் நடக்க வேண்டும். பனியில் நடக்கிற விதம் வேறு என்று எனக்குத் தெரியும். அங்கே காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தேய்த்த மாதிரி குட்டி அடி வைத்து நகர வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் கால் சறுக்கினாலும் கலங்காத கணுக்காலை மணல் தருகிறது.

குளிரை என்ன செய்வது? இதற்கும் கோவளம்தான் கைகொடுத்தது. மீன் ஏலம் எடுக்கிற இடத்தில் ஐஸ் பாரை உடைத்துப் பெட்டிகளில் கொட்டி வைத்திருப்பார்கள். படகுக்கார அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, உடைத்த ஐஸில் இரண்டு கையையும் புதைத்து வைத்தோம். முதலில் குத்தும், அப்புறம் எரியும், அப்புறம் விரல் நம்முடையதில்லை என்கிற மாதிரி ஆகும். அந்த நிலையில் வெளியே எடுத்து, பையின் கொக்கியைப் போட வேண்டும். ஜிப்பைத் திறந்து தீப்பெட்டி எடுக்க வேண்டும். ஷூ நாடாவைக் கட்ட வேண்டும். கொக்கி சுமாராக வந்தது. ஜிப்பின் சின்னக் காது விரலுக்குச் சிக்கவே இல்லை. நாடா முடியவே முடியாது. வீட்டுக்கு வந்து எல்லா ஜிப்பிலும் பெருவிரல் நுழைகிற மாதிரிக் கயிறு வளையம் கட்டினோம். இப்போது கண்ணை மூடிக்கொண்டும் திறக்க முடிகிறது. உறைந்த விரலைத் தேய்க்கக் கூடாது, மறுபடி உறைந்துவிடக்கூடிய இடத்தில் சூடு காட்டி இளக்கவும் கூடாது என்று தோழி அங்கேயே நின்று ஒருமுறை பாடம் எடுத்தாள். மீன் வாங்க வந்தவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி. ஆற்றங்கரை ராத்திரிக்கு அது கிட்டத்தட்ட உறவு. எடுத்துப்போகிற ஒவ்வொரு பொருளும் ஒரு ராத்திரி அதற்குள் படுத்து எழுந்துதான் பைக்குள் போகிறது. பால்பாயிண்ட் பேனா எழுதவில்லை, பென்சில் எழுதியது. நோட்டு முழுக்க இனி பென்சில்தான். பவர் பேங்க் சோர்ந்துபோனது. பேட்டரிகள் எல்லாம் தூங்கும் பைக்குள் உடம்போடு படுத்தாக வேண்டும். கடலை மிட்டாய் பல்லைப் பதம் பார்த்தது. வறுத்த வேர்க்கடலையும் முந்திரியும் அப்படியே இருந்தன. சத்துமாவை நெய்விட்டுக் கெட்டியாகப் பிடித்த உருண்டை கல்லானது, பொலபொலவென்று பிடித்தது வாயில் கரைந்தது. அம்மா இதில் இறங்கிவிட்டார். நெய்யின் அளவை மாற்றி மாற்றி உருண்டை பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் ஃப்ரீசரில் வைத்து, காலையில் என்னைக் கூப்பிட்டுக் கடிக்கச் சொல்கிறார்.

நடக்கிற நாளுக்கான சாப்பாட்டோடு, மாட்டிக்கொண்டால் இரண்டு நாள் தாங்குகிற அளவு கூடுதலாகப் போகிறது. அதைத் தனிப் பையில் கட்டி, தேவை வந்தாலொழியப் பிரிப்பதில்லை. அதேபோல ஒவ்வொருவரிடமும் தண்ணீர் புகாத உறையில் ஒரு முழு மாற்றுத் துணி. உள்ளே இருப்பது கம்பளி. பருத்தி எதுவும் கிடையாது. யாராவது தண்ணீரில் விழுந்தால் அடுத்த சில நிமிடங்களில் ஈரத்தை அவிழ்த்து உலர்ந்ததை மாட்டிவிட வேண்டும். கூச்சத்துக்கு நேரமில்லை என்று ஆணும் பெண்ணுமாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்.

எங்கள் நோட்டில் இல்லாத ஒன்று பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் சாகசம் என்று போகிற இந்த வழி, ஜான்ஸ்கார் மக்களுக்குக் குளிர்காலத்து ரோடு. சுற்றியிருக்கும் கணவாய்கள் எல்லாம் பனியில் மூடிக்கொண்ட மாதங்களில், வெண்ணெய் விற்கவும் மருந்து வாங்கவும் இந்த ஆற்றின் மேல்தான் லேக்கு வந்தார்கள். விடுமுறை முடிந்து லேயில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவிட, அப்பாக்கள் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த வழி இது. இடுக்கின் வாசலில் இருக்கும் சில்லிங் கிராமம் செம்பிலும் பித்தளையிலும் பாத்திரம் செய்கிற கம்மியர்களின் ஊர். 2024 மார்ச்சில் எல்லைச் சாலை அமைப்பு நிம்மு, பதும், தார்ச்சாவை இணைக்கிற 298 கிலோமீட்டர் சாலையை முழுக்க இணைத்துவிட்டது. இடுக்கின் சுவரை வெடி வைத்துக் குடைந்து போகிறது அந்தச் சாலை. முன்பு சில்லிங்கிலிருந்து நடந்த தூரத்தில் ஒரு பகுதியை இப்போது வண்டியே தாண்டிவிடுகிறது. அழகு போயிற்றே என்று நடைக்காரர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். பிரசவ வலியில் ஒரு பெண்ணை உறைந்த ஆற்றின் மேல் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க ஒரு ரோடு வருகிறதென்றால் அதற்கு நான் எதிரி இல்லை.

அந்த ஜான்ஸ்கார் ஆட்கள்தான் நம் சுமையை மரச்சறுக்குகளில் கட்டி இழுத்து வருகிறவர்கள். ஏற்பாடு செய்து தருகிறவர்களிடம் நாங்கள் விலை கேட்பதற்கு முன்னால் கேட்டவை இவை: சுமையாட்களுக்கு என்ன உறக்கப்பை, அவர்களுக்கும் காப்பீடு உண்டா, ஒருவருக்கு எத்தனை கிலோ? சரியாகப் பதில் வராத இடங்களைக் கழித்துவிட்டோம். முகாமில் விறகு எரிக்க மாட்டோம் என்பதும் பேச்சு. மரமே அரிதான பள்ளத்தாக்கில் எங்கள் கையைச் சூடுபடுத்த ஒரு வில்லோவை வெட்டுவது அநியாயம். குப்பை ஒரு துண்டு இல்லாமல் திரும்பி வர வேண்டும். பனிமேல் விட்ட எதுவும் வெயில் காலத்தில் நேராகச் சிந்துவில்தான் போய்ச் சேரும்.

அனுமதி விஷயத்தில் குறுக்கு வழி கிடையாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் 23 பேர் உயிரைக் குடித்த காட்டுத்தீ மூண்டபோது, மலைநடை போகிற ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்கு போன் அடித்தது. எங்கள் வீட்டிலும் அடித்தது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலைநடைக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளை முறைப்படுத்தித் திறந்து, காட்டை அறிந்த உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியது. புதிதாக நடக்க ஆசைப்படுகிறவர்கள் அவற்றில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள், ஜான்ஸ்காரிலிருந்து வேண்டாம். லடாக்கிலும் பதிவு, மருத்துவச் சான்று, காப்பீடு எல்லாம் உண்டு. பனி சரியில்லை என்று நிர்வாகம் நினைத்தால் நடையை நிறுத்திவிடும். அப்படி நிறுத்தினால் கெஞ்சிப் பார்ப்பது, வேறு வழியில் நுழைவது எதுவும் இல்லை. லேக்கு மேற்கே ஷாம் பக்கத்துக் கிராமங்கள் வழியாக லிகிரிலிருந்து தெமிஸ்காம்வரை நடந்துவிட்டு ஊர் திரும்புவோம். அதற்கும் நோட்டில் பக்கங்கள் எழுதியாயிற்று.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது, வீட்டில் விட்டுப்போக வேண்டிய நகல். இடுக்குக்குள் போனுக்கு சிக்னல் இல்லை. சாட்டிலைட் போனை நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம், அதனால் அந்த யோசனையே இல்லை. உள்ளே போன நாளிலிருந்து வெளியே வரும்வரை எங்களிடமிருந்து எந்தச் சேதியும் வராது. எந்தத் தேதியில் போன் வர வேண்டும், அதற்குமேல் எத்தனை நாள் பொறுக்கலாம், அதுவும் தாண்டினால் லேயில் முதலில் யாரைக் கூப்பிடுவது, அடுத்து யாரை, ஒவ்வொருவரின் ரத்த வகை, ஒவ்வாமை, எந்த நாளில் எந்த முகாம் என்று நோட்டின் இரண்டு பக்கங்களையும் படியெடுத்து நாலு வீட்டிலும் கொடுத்தாக வேண்டும். என் மனைவி வரைவைப் படித்துவிட்டுப் பென்சிலால் இரண்டு கேள்வி எழுதியிருக்கிறாள். பொறுக்க வேண்டிய நாளில் லே விமானம் ரத்தாகிற நாளையும் சேர்த்தீர்களா? கூப்பிட வேண்டியவர்களுக்கு இந்தி தெரிந்தால் போதுமா, இங்கிருந்து பேசப்போகிறவர் யார்? முதலாவதைச் சேர்த்துவிட்டேன். இரண்டாவதற்கு, பெரியப்பாவை அந்த இரண்டு வாரம் திருப்போரூரில் வந்து தங்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பொங்கல் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.